சர்க்கரைக் கொல்லி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், தை மாசி மாதங்களில் பஸ் ஏறிப் போனவர்களுக்கு ஒரு வாசனை ஞாபகம் இருக்கும். ஆலையில் கரும்பு நசுங்கிப் பாகாகிற வாசனை. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி அசைந்து ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் நம் பஸ் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் டிராக்டரோடு ஓடி ஒரு கழியை உருவிவிட்டுச் சிரிப்பார்கள். இங்கே ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. வடக்கே மூங்கில்துறைப்பட்டில் இன்னொன்று. இந்தப் பக்கத்து மனிதர்களுக்குப் பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு, வீட்டுக்குக் கூரை எல்லாமே கரும்பு போட்ட காசுதான்.

அதே சாலை கோமுகி அணைப் பக்கமாகப் போய் வெள்ளிமலைக்கு ஏறுகிறது. ஏறத் தொடங்கியதும் கரும்பு நின்றுவிடுகிறது. கல்வராயன் மலை ஆரம்பமாகிவிடுகிறது. அந்த மலையில், புதர்களின் மேலும் சிறு மரங்களின் மேலும் சுற்றிக்கொண்டு ஒரு கொடி வளர்கிறது. எதிரெதிராக இலை, இலையில் மெல்லிய ரோமம், சின்னச் சின்னதாக மஞ்சள் பூ. காய் ஆட்டுக் கொம்பு மாதிரி நீண்டு கூர்மையாக இருக்கும். வைத்தியர்கள் அதைச் சிறுகுறிஞ்சான் என்பார்கள். ஜனங்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயர் சர்க்கரைக் கொல்லி.

கீழே சர்க்கரை காய்ச்சுகிறார்கள். மேலே அதைக் கொல்லுகிற கொடி காய்த்துத் தொங்குகிறது. கதையில் நான் இப்படி எழுதினால், "ரொம்பவும் பொருத்தம் பார்த்திருக்கிறீர்கள், செயற்கையாக இருக்கிறது" என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். படைத்தவனுக்கு அந்தப் பயம் இல்லை.

இந்தக் கொடி கல்வராயனுக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தென்னாட்டு மலைக்காடுகளில் பல இடங்களில் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் ஏறும், நம் கிழக்கு மலைகளின் வறண்ட காட்டிலும் படரும். கடல் தாண்டி ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. ஆனாலும் ஒரு பொருளின் சரித்திரத்தைச் சொல்ல ஏதாவது ஒரு திண்ணையில் உட்கார்ந்தாக வேண்டும் அல்லவா? நான் கல்வராயன் மலையில் உட்காருகிறேன். காரணம் பின்னால் தெரியும்.

அச்சில் ஏறிய சரித்திரத்தைப் பார்த்தால், நம் கொடியைப் பற்றித் தமிழ்ப் பெயரோடு எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் வைட்லா எயின்ஸ்லி என்ற வெள்ளைக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராஜதானியில் வைத்தியராக இருந்தவர். நம் கடைத்தெருவில் விற்கும் மருந்துச் சரக்குகளை ஒவ்வொன்றாக விசாரித்து, அவற்றின் தமிழ்ப் பெயர்களை எழுதிக்கொண்டு போய், 1826-ல் லண்டனில் 'மெட்டீரியா இண்டிகா' என்று இரண்டு பெரிய பாகங்களாக வெளியிட்டார். பொறுமைசாலி. சுக்கையும் வசம்பையும் பற்றி ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இவ்வளவு சிரத்தையோடு எழுதியிருக்கிறாரே என்று ஆச்சரியமாக இருக்கும்.

அவர் சிறுகுறிஞ்சானுக்குச் சொல்லும் உபயோகம் என்ன தெரியுமா? பாம்புக்கடி! வேரைப் பொடியாக்கிக் கடிவாயில் வைத்துக் கட்டுவது, வேரைக் கஷாயம் போட்டு உள்ளுக்குக் கொடுப்பது. அவ்வளவுதான். சர்க்கரைப் பேச்சே அதில் கிடையாது.

(பாம்பு கடித்தவர்களை இன்று வேர்ப்பொடிக்காகக் காக்க வைக்கக் கூடாது, விஷமுறிவு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு ஓட வேண்டும். சரித்திரம் எழுதுகிறவன் இதையும் எழுதித்தான் தீர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வாசகர்களில் யாராவது ஒருவர் சரித்திரத்தை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டுவிடுகிறார்.)

சர்க்கரை எப்போது வந்தது? எயின்ஸ்லிக்கு இருபது வருஷத்துக்குப் பிறகு, வடக்கே. எட்ஜ்வொர்த் என்று ஒரு துரை. வங்காள சிவில் சர்வீஸில் உத்தியோகம். பொழுதுபோக்குக்குச் செடி கொடி சேகரிப்பவர். இவருடைய அக்காளைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் ஜாதிக்குத் துரோகம் செய்தவனாவேன். நான் சொல்வது எழுத்தாளர் ஜாதியை. மரியா எட்ஜ்வொர்த் என்ற புகழ்பெற்ற அயர்லாந்து நாவலாசிரியை, சர் வால்டர் ஸ்காட்டே தமக்கு வழிகாட்டி என்று மெச்சிய அம்மாள், இவருக்கு மாற்றாந்தாய் வழியில் மூத்த சகோதரி. வயதில் நாற்பத்து நாலு வருஷ வித்தியாசம். தகப்பனார் நாலு கல்யாணம் செய்துகொண்டால் இப்படியெல்லாம் வித்தியாசம் வரத்தான் செய்யும்.

இந்தத் தம்பி எட்ஜ்வொர்த் நம் கொடியின் இலையை மென்று பார்த்தார். உடனே கொஞ்சம் சர்க்கரைப் பொடியை வாயில் போட்டுக்கொண்டார். மணலை அள்ளிப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது! இந்தச் சேதி 1847-ல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. அன்றைக்குத்தான் இந்த அதிசயம் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று புஸ்தகங்கள் சொல்லுகின்றன.

எனக்கு இங்கேதான் ஒரு சந்தேகம். நூற்றுக்கணக்கான கொடிகள் படர்ந்த தேசத்தில், ஒரு துரை சரியாக இந்தக் கொடியின் இலையைப் பறித்து, மென்று, உடனே சர்க்கரையைத் தேடுவானேன்? யாராவது ஒரு தோட்டக்காரனோ பட்லரோ, "இதை மென்றுவிட்டு டீ குடித்துப் பாருங்கள் ஸாஹேப்" என்று குறும்பாகச் சொல்லியிருக்க வேண்டும். வடநாட்டில் இந்தக் கொடிக்கு 'குட்மார்' என்று பெயர். 'குட்' என்றால் வெல்லம், 'மார்' என்றால் கொல்வது. வெல்லத்தைக் கொல்லுவது என்று ஒருவன் பெயர் வைத்திருக்கிறான் என்றால், அவன் வாயில் இலையும் வெல்லமும் அடுத்தடுத்துப் போயிருக்கின்றன என்று அர்த்தம். பரீட்சை செய்து, முடிவையும் ஒரே வார்த்தையில் எழுதிவிட்டான். சங்கத்துக்கு அனுப்பவில்லை; அது ஒன்றுதான் குறை.

அப்படியானால் தமிழ்நாட்டு எயின்ஸ்லிக்கு மட்டும் ஏன் இது தெரியவில்லை? அவர் கம்பெனி டாக்டர். சிப்பாய்களும் சோல்ஜர்களும் பாம்பாலும் காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் செத்துக்கொண்டிருந்த காலம். மருந்து விற்கிறவனைப் பார்த்து, "இது பாம்புக்கு ஆகுமா? காய்ச்சலுக்கு ஆகுமா?" என்றுதான் கேட்டிருப்பார். "இதைத் தின்றால் வெல்லம் எப்படி இருக்கும்?" என்று எந்த டாக்டர் கேட்பார்? கேட்ட கேள்விக்குத்தான் பதில் வந்திருக்கிறது.

இதற்குப் பிறகு நம் பக்கத்து ஊட்டியில் ஒருவர் ஒழுங்காகப் பரிசோதனை செய்தார். டேவிட் ஹூப்பர். நீலகிரியில் சின்கோனா மரம் பயிரிட்டுக் கொயினா மருந்து எடுக்கிற சர்க்கார் வேலையில் ரசாயன நிபுணர். 1887-ல் இவர் எழுதிய கட்டுரை 'நேச்சர்' பத்திரிகையில் வந்தது. அவர் செய்த பரீட்சைகளைப் படித்தால் மனிதரை உடனே பிடித்துப்போகும். இலையை மென்றுவிட்டு இஞ்சி ரொட்டி தின்றிருக்கிறார்: இஞ்சிக் காரம் மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் வெறும் மாவு. ஆரஞ்சுப் பழம் தின்றிருக்கிறார்: எலுமிச்சம்பழம் தின்கிற மாதிரிப் புளித்தது. கையிலேயே இருக்கிற சரக்குத்தானே என்று கொயினாவையும் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார்: சாக்குக் கட்டி மாதிரி இருந்ததாம்! எட்ஜ்வொர்த் துரை ஒரு நாள் முழுவதும் ருசி போயிற்று என்றதை ஹூப்பர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம் என்று கண்டார். இலையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்து எடுத்து, அதற்கு ஜிம்னெமிக் அமிலம் என்று பெயர் வைத்தார். இலையில் நூற்றுக்கு ஆறு பங்கு அது இருக்கிறது என்று கணக்கும் சொன்னார்.

அந்த அமிலம் என்ன செய்கிறது என்பது நம் காலத்தில் விளங்கியிருக்கிறது. நாக்கில் தித்திப்பை அறிவதற்கென்று தனி வாசல்கள் உண்டு. இந்த அமிலம் போய் அந்த வாசலில் பூட்டு மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. சர்க்கரை வந்து தட்டினால் கதவு திறக்காது. எலிகளிடம் இந்தப் பூட்டு சரியாகப் பொருந்துவதில்லை. மனிதனுக்கும் குரங்கினத்தில் சிம்பன்ஸிக்கும் பொருந்துகிறது.

ஆகவே, பெயர் 'கொல்லி' என்று இருந்தாலும் அது சர்க்கரையைக் கொல்லுவதில்லை. நம் நாக்கைத்தான் சற்று நேரம் தூங்க வைக்கிறது. வாயிலே போட்ட லட்டு மணலாகத் தோன்றினாலும் வயிற்றுக்குள் போனால் லட்டுதான். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு, "இரண்டு இலை மென்றுவிட்டேன், இனிப் பாயசம் சாப்பிடலாம்" என்று பந்தியில் உட்காருகிற பெரிய மனிதர்களை நானே கண்டிருக்கிறேன்.

அப்படியானால் நீரிழிவுக்கு அது உதவவே உதவாதா? இங்கே பண்டிதர்கள் அடித்துக்கொண்ட கதை சுவையானது. 1928-ல் கல்கத்தாவில் சோப்ராவும் அவருடைய சகாக்களும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிரயோஜனம் இல்லை என்று சொன்னார்கள். 1930-ல் மாஸ்கர், கேயஸ் என்ற இருவர் பம்பாய்ப் பக்கத்தில் ஆராய்ந்து, பிராணிகளின் ரத்தத்தில் சர்க்கரை குறைகிறது என்றார்கள். அதற்குள் இன்சுலின் வந்துவிட்டது. 1922-ல் கனடாவில் சாகக் கிடந்த ஒரு பையனைப் பிழைக்க வைத்த மருந்து அது. அதன் ஜொலிப்பில் இலை தழை யார் கண்ணிலும் படவில்லை. பிறகு 1990-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சண்முகசுந்தரம் முதலானோர் மறுபடியும் எடுத்தார்கள். இன்சுலின் ஊசியை நம்பியிருந்த 27 பேருக்கு இலைச் சத்தை ஊசியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஊசியின் தேவை குறைந்தது. மாத்திரை சாப்பிடுகிற 22 பேருக்கு தினம் 400 மில்லிகிராம் வீதம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் கொடுத்தார்கள்; அவர்களில் ஐந்து பேர் மாத்திரையை விட்டுவிட முடிந்தது. இருபத்திரண்டில் ஐந்து. நம்பிக்கை தருகிற கணக்கு. ஆனால் சின்னக் கணக்கு. இதை வைத்துக்கொண்டு ஊசியை ஜன்னல் வழியாக எறிகிறவர்கள் உயிரை வைத்துச் சூதாடுகிறார்கள். இலையைச் சாப்பிட்டு ஈரல் கெட்டுப்போனவர் ஒருவரைப் பற்றியும் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்கிற பேச்சு, நெருப்புதானே, அடுப்பில் இருக்கிறதே என்கிற மாதிரி.

இப்போது மலைக்கு வருகிறேன்.

கல்வராயன் மலையில் இருப்பவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்குப் போய்விட வேண்டாம். மலையை ஆளுகிறவர்கள் என்று அர்த்தம். பேச்சு தமிழ். காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பிகளாக வந்து மலை மலையாகப் பிரிந்து குடியேறினவர்கள் என்று கதை சொல்லிக்கொள்வார்கள். சாமி, கரிராமன். தின்பது சாமையும் தினையும் என்று இருந்தது. இப்போது மரவள்ளிக் கிழங்கும் ரேஷன் அரிசியும் சேர்ந்துகொண்டன. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் ராத்தங்க மாட்டார்கள். மலை மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து, சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. விளைச்சலில் பங்கு கொடுக்க வேண்டும். கூலியில்லாமல் வெட்டி வேலை செய்ய வேண்டும். நாடு சுதந்திரம் அடைந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, 1976-ல்தான் சர்க்கார் அந்த ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. அதாவது எயின்ஸ்லி, எட்ஜ்வொர்த், ஹூப்பர் என்று கண்டுபிடிப்புகள் நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும், இந்தக் கொடியோடு தினம் பழகிய மனிதர்கள் தங்கள் கொல்லையில் விளைந்த சாமையைக்கூட முழுதாகத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாமல் இருந்தார்கள். மூலிகை அறிவுக்கு மட்டும் யார் பட்டா கொடுத்திருப்பார்கள்?

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் ஒரு பெரியவரோடு அரை நாள் இருந்தேன். எழுபது தாண்டியவர். காட்டுக்குப் போய்ப் பச்சிலை கொண்டுவருகிறவர். நாலு இலையைக் கையில் கொடுத்து, "நல்லா மெல்லுங்க தம்பி. துப்பிடாதீங்க, நாக்கு பூரா படணும்" என்றார். மென்றேன். லேசான கசப்பு, ஒரு பச்சை வாடை. பிறகு அவர் மருமகள் ஒரு துண்டு வெல்லம் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணன் மண்ணைத் தின்றபோது யசோதைக்கு அவன் வாயில் ஈரேழு உலகமும் தெரிந்தது என்பார்கள். என் வாயில் மண் மட்டும்தான் தெரிந்தது. வீட்டிலிருந்த எல்லாக் குழந்தைகளும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தன. மலை ஏறி வருகிற ஒவ்வொரு மனிதருக்கும் இந்த விளையாட்டைக் காட்டி ரசிப்பார்கள் போலும். எட்ஜ்வொர்த் துரையைப் பார்த்தும் இப்படித்தான் யாரோ சிரித்திருக்க வேண்டும் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

"இதை எதுக்கெல்லாம் குடுப்பீங்க, ஐயா?" என்று கேட்டேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். சளி கட்டி மூச்சு இரைத்தால் வேரைப் பொடித்து சுக்கு, மிளகு, திப்பிலியோடு. காய்ச்சலுக்கு இலைக் கஷாயம். நெறி கட்டினால் இலையை அரைத்து மேலுக்குப் பற்று. பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால் களா இலையோடு சேர்த்து. எந்த மாதத்தில் பறித்தால் இலையில் வீரியம் உண்டு, பூவெடுத்த பிறகு ஏன் கூடாது, வேர் எடுத்தால் கொடி சாகாமல் எந்தப் பக்கத்து வேரை எடுப்பது என்றும் சொன்னார். சித்த வைத்திய நூல்களில் இவற்றில் சில உண்டு. சில அவருடைய பாட்டனார் சொன்னது. சர்க்கரை வியாதியைக் கடைசியில்தான் சொன்னார், அதுவும் நான் கேட்ட பிறகு. "எங்க பக்கம் அந்த வியாதி முன்னே ஏது? ரேஷன் அரிசி வந்த பொறவுதான்" என்றார்.

பிறகு, "வாங்க வர்றவங்க எல்லாம் சர்க்கரைக்குத்தான் கேக்கறாங்க தம்பி. மத்ததை யாரு கேக்கறா? கேட்டாத்தானே நெனப்பு வரும்" என்றார்.

இந்த மனிதர் எயின்ஸ்லியைப் படித்ததில்லை. ஆனால் எயின்ஸ்லியைப் பற்றி நான் யோசித்துவைத்திருந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அன்றைக்கு வந்தவன் பாம்பைப் பற்றிக் கேட்டான்; சர்க்கரை விட்டுப்போயிற்று. இன்றைக்கு வருகிறவன் சர்க்கரையைப் பற்றி மட்டும் கேட்கிறான். காய்ச்சலும் இரைப்பும் நெறிக்கட்டும் களா இலையும் விட்டுப்போகின்றன. கேட்க வேண்டிய பேரன் கேரளத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறான். வருஷத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு வருவானாம்.

அகஸ்திய மலைப் பக்கத்தில் வேறு மாதிரி நடந்த கதை ஒன்று உண்டு. அங்கே 1987-ல் காணிக்காரர்கள் சிலர் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள், வழிகாட்டிகள் களைக்கவில்லை. அவ்வப்போது ஒரு சின்னக் காயை வாயில் போட்டுக்கொண்டே நடந்தார்கள். ஆரோக்கியப் பச்சை என்ற செடி. அதிலிருந்து 'ஜீவனி' என்று ஒரு மருந்து செய்து, கிடைத்த உரிமைப் பணத்தில் பாதியைக் காணிக்காரர்களுக்கே கொடுப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். அதிலும் பிற்பாடு சண்டை சச்சரவு வந்தது. பணம் இருக்கிற இடத்தில் வராமலிருக்குமா? ஆனாலும், சொல்லிக் கொடுத்தவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்கிற எண்ணம் நம் தேசத்தில் காகிதத்தில் ஏறுவதற்கு அது ஒரு காரணம். 2002-ல் உயிரியல் பல்வகைமைச் சட்டம் என்றே ஒன்று வந்தது.

சிறுகுறிஞ்சானுக்கு அந்த யோகம் இல்லை. பல மலைகளில் வளர்கிறது. பல ஜனங்களுக்குத் தெரியும். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் எழுதியும் இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த ரகசியத்துக்கு யாரிடம் பங்கு கேட்பது? சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் இப்படித்தான் எனக்கு விளக்கினார். அவர் சொன்னதில் பிழை இல்லை. இருந்தாலும் கள்ளக்குறிச்சிக் கடையில் அந்த மாத்திரைப் புட்டியைக் கையில் எடுத்தபோது, அதன் விலைக்கும் மலையில் ஒரு கிலோ காய்ந்த இலைக்குக் கொடுக்கிற விலைக்கும் நடுவில் இருக்கிற தூரம், வெள்ளிமலைச் சாலையைவிடச் செங்குத்தாக இருந்தது.

இலை சேகரிக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பெருங்குறிஞ்சான் என்று வேறொரு கொடி அதே காட்டில் இருக்கிறது. இலை பெரிது, ஆனால் இளங்கொடியில் இரண்டும் குழப்பும். காய்ந்து மூட்டையில் விழுந்துவிட்டால் படித்தவர்களுக்கே அடையாளம் தெரியாது. கலந்துவிட்டால் வியாபாரி மூட்டையோடு திருப்பிவிடுவான். ஆகையால் பெரியவர் வீட்டுத் திண்ணையில், மூட்டை கட்டுவதற்கு முன்னால் அவர் மருமகள் ஒரு கிண்ணத்தில் வெல்லத் தூளை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஓர் இலையை எடுத்து மெல்லுகிறாள். வெல்லத்தை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துக்கொள்கிறாள். தித்தித்தால் அந்தக் கூடையைத் தள்ளி வைக்கிறாள். தித்திக்காவிட்டால் மூட்டையில் கொட்டுகிறாள். ஒரு கூடை சரியாக இருந்துவிட்டால், நாக்கு தெளிகிற வரையில் அடுத்த கூடைக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவள் குழந்தைக்குத் தலை வாரி முடித்துவிடுகிறாள்.